உலோக வால்வு

விஜயேந்திரனின் இதயத்தில் எட்டு வருடங்களாக ஓர் உலோக வால்வு இருந்தது. சாப்பாட்டு மேசையில் எல்லாரும் பேச்சை நிறுத்தினால் அதன் டிக், டிக் கேட்கும். தகனத்துக்கு மறுநாள் அந்தச் சிறு வளையம் சாம்பலோடு கிடைத்தது. அவருடைய மனைவி கோமளா அதையும் பானைக்குள் போட்டு, வாயைச் சிவப்புத் துணியால் கட்டினாள்.

மலேசியாவின் மெர்சிங் படகுத்துறையில் காரைவிட்டு இறங்கியபோது பானைக்குள் டிக், டிக் தொடங்கியது. கூட வந்த தம்பி தயாபரனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, திரும்பிப் போயிடலாம் லா."

"முடியாது. இன்னிக்கே கரைச்சாகணும்."

படகு கரையைவிட்டு விலக விலகப் பானையின் துடிப்பு வேகமெடுத்தது. கோமளா ஆச்சரியப்படவில்லை. கணவருக்குக் கடல் என்றால் எப்போதும் பயம். பானையை மடியில் அணைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு நூற்றிருபது. மெல்லத் தட்டிக்கொடுத்தாள். எழுபத்திரண்டுக்கு இறங்கிய பிறகுதான் பானையைக் கடலில் விட்டாள். அது மூழ்கியது.

படகு திரும்பியது. பாதி வழியில், படகின் அடிப்பலகைக்குக் கீழிருந்து டிக், டிக் என்று காலில் தட்டியது. மலாய்க்காரப் படகோட்டி மிரண்டுபோய் வேகத்தைக் கூட்டினார். அதுவும் விடாமல் வேகமாகத் தட்டிக்கொண்டே வந்தது.

கோமளா எழுந்து போய்ப் படகோட்டியின் தோளைத் தொட்டாள்.

"பெலான் பெலான்," என்றாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"மெதுவா ஓட்டச் சொல்லு. அத்தானுக்கு மூச்சு வாங்கும்."