ஒரே ஆள்தானா?

சூளகிரி தொழிற்சாலை ஒன்றில், ஊழியர் பட்டியலில் கணினி ஜோடி சேர்த்துக் காட்டும் ஒலி ஒத்த பெயர்கள் ஒரே ஆளுடையவையா என்று சொல்வது லாவண்யாவின் வேலை. அன்று தொரப்பள்ளி சம்பங்கியும் அத்திப்பள்ளி சம்பங்கப்பாவும் திரையில் வந்தார்கள். கேன்டீனில் எப்போதும் சேர்ந்து உட்காரும் இருவர். தெரிந்திருந்தும் கைப்பழக்கத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டாள். திரும்பப் பிரிக்க வழியில்லை.

மதியம் கேன்டீனுக்கு ஒருவர்தான் வந்தார். இரண்டு டிபன் பாக்ஸைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டார்.

“இன்னொருத்தர் எங்கண்ணா?”

“யாரு மேடம்? இன்னைக்குப் பசி ஜாஸ்தி, அவ்ளோதான்.”

சாயங்காலம் மற்ற வண்டிகளெல்லாம் போன பிறகும் அவர் இரண்டு டூவீலர்களுக்கு நடுவே நின்றிருந்தார். கையில் இரண்டு சாவிகள்.

“ரெண்டு வீட்லருந்தும் போன் மேல போன் மேடம், பசங்க சாப்பிடாம காத்திருக்காங்களாம்,” என்றார். “நான் எந்த ஊருக்குப் போகட்டும்?”