குளத்தில் விட்ட குகைத் தண்ணீர்

ஈப்போவின் சுண்ணாம்பு மலையடியில், ஓட்டலின் உப்புநீர் நீச்சல்குளம் காலை வெயிலில் பால் கலந்தது போல வெளுத்துக் கிடக்கிறது. அதைப் பராமரிக்கும் வேலையாள் பத்துமலை விளிம்பில் குந்தி, ஓடுகளில் படிந்த சுண்ணாம்பைத் தேய்க்கிறார். ஈரம் காயக் காய, தேய்த்த இடமும் மறுபடி வெளுக்கிறது. மோட்டார் அறையில் உப்பைக் குளோரினாக்கும் தகடுகளும் கல்லாக இறுகிவிட்டன, மெஷின் மூச்சுவிடவில்லை. சூப்பர்வைசர் கோகிலன் பின்னால் வந்து நிற்கிறான். “பைப்புல தண்ணி இல்லன்னா என்கிட்ட சொல்லிருக்கலாம்லண்ணே. எந்தத் தண்ணிய விட்டீங்க?” “குகைக்கோயில் ஊத்துத் தண்ணிதான்லா. எவ்ளோ தெளிவு தெரியுமா? சாமிக்கே அதத்தான ஊத்துறோம்.” “மலையே கரைஞ்சு வர்ற தண்ணிண்ணே அது. சாமி கல்லு, தாங்கும். மெஷின் தாங்குமா?” கோகிலன் குரலைத் தணிக்கிறான். “ஜெலாப்பாங்ல இருக்குற பூல் கிளீனிங் கம்பெனி ஆளுங்க மத்தியானம் வாராங்க. இனிமே குளத்த அவங்கதான் பாப்பாங்க. நீங்க வரவேணாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு.” பத்துமலை பிரஷ்ஷோடு கையை வெளுத்த நீருக்குள் விடுகிறார், மணிக்கட்டுக்குக் கீழே அவருடைய கையே அவருக்குத் தெரியவில்லை. “இந்த மூலைய மட்டும் முடிச்சிட்டுப் போறேன் தம்பி,” என்கிறார். மோட்டார் அறைச் சாவிக்காக நீட்டிய கையை மடக்காமல் கோகிலன் நிற்கிறான்.