எடுத்துவிட்டுப் பார்த்தல்

திரையில் நீல வலையாக ஒரு புரதம். எக்ஸ் கதிர் காட்டிக்கொடுத்த உருவம். அதன் குழிக்குள் மருந்து மூலக்கூறை ஆய்வு மாணவி மெர்லின் பொருத்தியிருந்தாள். பேராசிரியர் ஞானசிகாமணி ஓய்வு பெறுவதற்குள் முடித்துவிடத் துடிக்கும் மருந்து. வலை அதைக் கச்சிதமாகச் சுற்றியிருந்தது. ஆனால் நாம் வைத்ததையும் சேர்த்தே கணக்கு ஓடுவதால், அங்கே இல்லாததைக்கூட அந்த வலை இருப்பதாகத் திருப்பிக் காட்டிவிடும். அதனால் மருந்தை எடுத்துவிட்டு மறுபடி கணக்கிட்டுப் பார்ப்பது வழக்கம். எடுத்தாள். குழியில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் இருந்தது.

"மருந்து ஒட்டவே இல்ல சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "திரும்ப வச்சுப் பாரும்மா."

வைத்தாள். கணக்கு ஓடியது. வலை மெல்ல வளர்ந்து மருந்தை மூடிக்கொண்டது.

"பாத்தியா, இருக்கு," என்றார். அந்தக் குரலில் பொய்யே இல்லை.