எட்டணாச் சூரியன்

கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள் சொர்ணம்.

மருமகள் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். புரளக் கூடாது. நகம் கடிக்கக் கூடாது. சேலையில் ஓர் ஊக்குகூட இருக்கக் கூடாது. மேடேறிய வயிற்றின்மேல் தர்ப்பைப் புல்லை வைத்தாயிற்று. ஜன்னலின் மரக்கதவுகளைச் சாத்தி, இடுக்கெல்லாம் பழந்துணி திணித்தாயிற்று.

போதாக்குறைக்குக் கரண்டும் போய்த் தொலைந்தது.

வெளியே கிரகணம் பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

மொட்டை மாடியில் மருமகளுடைய தொலைநோக்கி நின்றது. அதன் பக்கத்தில் அவள் இல்லை. அவள் புருஷன் ஆவுடை நின்றான்.

மசக்கையில் சோறு இறங்காத நாளெல்லாம் படுத்தபடியே அவள் தேடித் தேடிப் பொறுக்கியது அது. பிள்ளைத்தாய்ச்சி இருட்டிய பிறகு மாடி ஏறக் கூடாதாம். போகட்டும், நட்சத்திரம் ராத்திரியில்தானே வரும், பகலில் வருகிற ஒருத்தன் இருக்கிறானே என்று சூரியனைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் பெரிய குழாய் மேல்தான் ஆசை. சூரியனிடம் வெளிச்சத்துக்கா பஞ்சம்? சின்னதே தாராளம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கண் வைக்கிற முனையில் திருகுகிற கறுப்புக் கண்ணாடி மலிவாகக் கிடைத்தது. சூட்டில் அது தெறித்தால் கண் அவ்வளவுதான். குழாயின் வாயையே மூடுகிற வெள்ளித்தாள் வடிகட்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கினாள். கேமராவுக்கு எங்கே போவது? தன் போனையே குழாயில் மாட்ட ஒரு பிடி. தென்காசிக் காற்றுக்கு ஆடாத முக்காலி.

எல்லாம் இந்த ஒரு காலைக்காக. கடிபட்ட சூரியனை ஒரே ஒரு படம். தன் கையால்.

நேற்றுச் சாயங்காலம்தான் விஷயம் மாமியார் காதுக்கு எட்டியது.

சொர்ணம் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். மகனின் முகத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள்.

ஆவுடையின் மேலுதட்டில் ஒரு தழும்பு. பிளந்து பிறந்த உதட்டைத் தைத்த தழும்பு. என்னதான் மீசை வளர்த்தாலும் அந்த இடத்தில் மட்டும் முளைப்பதில்லை.

அவன் வயிற்றில் இருந்தபோதும் ஒரு கிரகணம் வந்தது. யார் பேச்சையும் கேளாமல் சொர்ணம் அன்றைக்கு அரிவாள்மனையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கினாள். பிள்ளை பிறந்ததும் ஊர் அவளைக் கேட்ட கேள்வி கொஞ்சநஞ்சமல்ல. அதற்கப்புறம் இந்த வீட்டுக்குள் கத்தரிக்காய் வந்ததே இல்லை.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருமகள் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. மாமியார் மறுத்துப் பேசியதே இல்லை. இருக்கட்டும் என்பாள். இருக்கட்டும் என்கிறவளிடம் என்ன வழக்காடுவது?

நான் எடுத்துத் தருகிறேன் என்று அவள் போனை வாங்கிக்கொண்டு ஆவுடை மாடி ஏறிவிட்டான். நல்லவன்தான். நல்லவனாக இருந்து என்ன செய்ய?

வியர்வை காதுக்குள் இறங்கியது. துடைக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

மேலே முக்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல். சூரியன் சிக்கவே மாட்டேன் என்கிறதாம். ஊருக்கே தெரிகிற சூரியன் இவனுக்குத் தெரியவில்லையாம்.

ராத்திரி அத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருந்தாள். வானத்தைப் பார்த்துத் தேடாதீர்கள். தரையில் விழுகிற குழாயின் நிழலைப் பாருங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி வட்டமாகிற இடத்தில் சூரியன் உள்ளே இருக்கும்.

நிழலைப் பாருங்கள் என்று கத்த வாயைத் திறந்தாள். மாமியார் வாயைப் பொத்தினாள். அதட்டலாக அல்ல, கெஞ்சலாக.

மருமகளுக்கு அழுகை வந்துவிட்டது. கோபப்படவாவது ஓர் ஆள் இருந்தால் எந்தச் சிறையிலும் கிடக்கலாம். இங்கே அதுவும் இல்லை.

கண்ணைத் துடைத்தபோதுதான் பார்த்தாள்.

வயிற்றின்மேல், தர்ப்பைக்குப் பக்கத்தில், எட்டணா அளவுக்கு ஒரு வெளிச்சம்.

ஜன்னல் கதவில் பழைய கொக்கியைப் பிடுங்கிய இடம். ஒரே ஓர் ஆணித்துளை. அதை மட்டும் அடைக்க மறந்திருந்தாள் சொர்ணம்.

வெளிச்சம் வட்டமாக இல்லை. ஒரு பக்கம் கடிபட்டிருந்தது.

ஓர் இருட்டறை, அதில் ஒரு துளை. கேமரா என்பதே அவ்வளவுதானே. அதற்குள்தான் அவளைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

சொர்ணமும் பார்த்துவிட்டாள்.

துணியைத் தேட அவளுக்குப் பொழுதில்லை. பாய்ந்து வந்து தன் கையை வயிற்றின்மேல் விரித்தாள். சூரியன் இப்போது அவள் புறங்கையில் இருந்தது.

"அத்தை, அதான் கிரகணம்."

சொர்ணம் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அது பிள்ளைமேல் விழும்.

நேரம் போயிற்று. கடித்த இடம் இன்னும் கொஞ்சம் பெரிதாயிற்று. அவள் மெல்லக் கையைத் திருப்பினாள். பிறை உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அது சுடவில்லை. குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

மேலே ஆவுடை இன்னும் முக்காலியை இழுத்துக்கொண்டிருந்தான்.

"இம்புட்டுத்தானாட்டி?" என்றாள் சொர்ணம்.

மாமியாரின் கை நடுங்கத் தொடங்கியது. பிறை கலங்கியது. மருமகள் அந்த மணிக்கட்டை அடியிலிருந்து பிடித்து, ஆடாமல் நிறுத்தினாள்.