தனிப் பெட்டி வேண்டாம்

"அத்தை, நீங்க வேணும்னா பெண்கள் பெட்டியில ஏறிக்கோங்க. நான் ஏறமாட்டேன்."

வில்லியனூர் ஸ்டேஷனில் புதுச்சேரி ரயில் வந்து நின்றதும் கஸ்தூரி இப்படிச் சொல்லிவிட்டாள்.

காரணம் இருந்தது. சென்னையில் பி.ஏ. முடித்து ஊருக்கு வந்த பிறகு இதுதான் அவளுக்கு முதல் மேடை. பத்து மணிக்குப் புதுச்சேரி டூப்ளே வீதியில் மாதர் சங்கக் கூட்டம். 'ரயிலில் பெண்களுக்குத் தனிப் பெட்டி வேண்டாம்' என்று தீர்மானம் கொண்டுவருவதே அவள்தான். பெண்கள் பெட்டியில் போய் இறங்கிவிட்டு அதை எந்த முகத்தோடு படிப்பது?

மகள் வீட்டுக்குப் பலகாரக் கூடையோடு கிளம்பியிருந்த கனகாம்பாள் அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மத்த பெட்டியில பூரா ஆம்பளைங்கடி."

"இருக்கட்டுமே. அவங்களும் மனுஷங்கதானே?"

"அத நீ அவங்க கிட்டப் போய்ச் சொல்லு. வளையல்காரன் கிட்ட வெலை கேக்கக்கூட என்னை முன்னால தள்றவ நீ!"

உண்மைதான். அந்நிய ஆண் எதிரே வந்தால் கஸ்தூரிக்குப் பேச்சே வராது. ஆனாலும் கொள்கை கொள்கைதான். அத்தையைப் பெண்கள் பெட்டிக்கு அனுப்பிவிட்டு, பொதுப் பெட்டியில் ஏறிவிட்டாள்.

பலகையில் ஆறு பேர் இருந்தார்கள். அவளைக் கண்டதும், இன்ஸ்பெக்டர் வந்த வகுப்பைப் போல, ஆறு பேரும் எழுந்தார்கள்.

"குந்தும்மா, குந்து."

'நீங்களும் உட்காருங்கள், ஆணும் பெண்ணும் சமம்' என்று சொல்லத்தான் நினைத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். உட்கார்ந்தாள். எதிர்ப் பலகைக்காரர்களும் நேருக்கு நேர் உட்காரக் கூச்சப்பட்டு எழுந்து போய்விட்டார்கள். இரண்டு நீளப் பலகைகளுக்கு நடுவே கஸ்தூரியும் அவளுடைய கைப்பையும் மட்டும்.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டை எடுத்து எழுதினாள்: 'கிராமத்து ஆண்கள் தயாராகத்தான் இருக்கிறார்கள். தயங்குவது நாமே.'

ஒருவர் மட்டும்தான் உறுத்தினார். ஐம்பது வயசிருக்கும். வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டு, கதவோரம் கொக்கு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். முகம் எட்டுக் கோணல். வண்டி குலுங்கும்போதெல்லாம் 'ச்சூ' என்று அலுத்துக்கொண்டார். கஸ்தூரி பார்த்தால் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.

பாதி வழியில் கரும்பு வண்டி ஒன்று அச்சு முறிந்து தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. அதை நகர்த்த முக்கால் மணி நேரம் ஆயிற்று. எல்லாரும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள்.

"சாமிக்கண்ணண்ணே, சித்த அந்தப் பலகை ஓரமா குந்தேன்" என்றான் ஒருவன், கதவோரம் நின்றவரிடம்.

"ஒரு பொண்ணு குந்தியிருக்கிற பலகையிலயா? போடா!"

கஸ்தூரிக்குக் கோபத்தில் காது சிவந்தது. அதையும் எழுதி இரண்டு கோடு போட்டாள்.

கூட்டத்தில் முதல் பக்கத்தைத் தலை நிமிராமல் படித்தாள். சாமிக்கண்ணுவைப் பற்றி எழுதிய பக்கம் வந்ததும் நோட்டை மூடிவைத்துவிட்டாள். எட்டுக் கோணல் முகத்தை அப்படியே நடித்துக் காட்டினாள். "பெண் உட்கார்ந்த பலகையில் உட்கார மாட்டாராம்! அதற்காக முக்கால் மணி நேரம் நின்றாலும் நிற்பாராம்!" மண்டபம் குலுங்கிச் சிரித்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மாலை ரயிலுக்குத் தலை நிமிர்ந்து வந்தாள். காலையில் ஏறியதைப் போன்ற பொதுப் பெட்டியை நெருங்கும்போது ஜன்னல் வழியே பேச்சு கேட்டது.

"ஆஸ்பத்திரில பத்துத் தையல் போட்டாங்கப்பா. விடியக்காலம் கரும்பு வெட்டிகினு இருந்தேனா, கத்தி கெண்டைக்கால்ல எறங்கிடுச்சி."

சாமிக்கண்ணுதான். காலைப் பலகைமேல் நீட்டியிருந்தார். முட்டியிலிருந்து கணுக்கால் வரை வெள்ளைக் கட்டு.

"நின்னுகினே வந்ததுக்கு டாக்டர் இன்னா சொன்னாரு?"

"திட்டினாரு. இன்னா பண்றது? அந்தப் பொண்ணுக்குப் பொம்பளைங்க பெட்டியில எடம் கெடைக்கல போலகீது, பாவம். பயந்து நடுங்கிகினு குந்தியிருந்துச்சி. பக்கத்துல போய்க் குந்தினா அழுதுடுமோன்னு ஆயிப்போச்சி எனக்கு."

"ஆமாண்ணே, வாயே தெறக்கல."

"அதான் வேட்டிய எறக்கி மூடிக்கினேன். ரத்தத்த வேற பாத்தா மயக்கம் போட்டுடுமேன்னு. பாவம், பொழுதுபோகாம என்னாத்தையோ கிறுக்கிகினே வந்துச்சி."

பேசிக்கொண்டே திரும்பியவர் ஜன்னலுக்கு வெளியே நின்றவளைப் பார்த்துவிட்டார். கை ஊன்றுகோலைத் தேடியது.

"வாம்மா, வா! இப்பவும் அங்க எடம் இல்லியா? டேய், எழுந்திருங்கடா!" கட்டுப் போட்ட காலை மெல்லக் கீழே இறக்கினார்.

"வேணாம் ஐயா! உட்காருங்க!"

அந்நிய ஆணிடம் கஸ்தூரி வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அது. பேசிவிட்டு ஓடினாள்.

பெண்கள் பெட்டியில் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி, தனிப் பெட்டி வாணாம்னு எல்லாரும் ஒத்துக்கினாங்களா?"

"ஏகமனதா ஒத்துக்கிட்டாங்க அத்தை" என்று மூச்சு வாங்கியபடி ஏறினாள் கஸ்தூரி. "கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க."