ஏழாம் நம்பர்

ஏழாம் நம்பர் அம்பு இன்றும் இடது பக்கம் போய்க் குத்தியது.

மற்ற பதினொன்றும் எப்போதும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கிவிடும். ஏழு மட்டும், விருந்தில் யாரும் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்ட மாப்பிள்ளைபோல ஒரு முழம் தள்ளிப் போய் நிற்கும்.

"என்ன லட்சணத்துல அம்பு செஞ்சிருக்கடா?" என்றாள் அக்கா.

தம்பி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். "இது தெளிவா, அது தெளிவா" என்று நாளெல்லாம் பிறரைக் கேட்டுக் கேட்டு, கால் புள்ளி வித்தியாசத்தைக்கூட விட மனசு வராதவன். நண்பனின் கல்யாண மேடையில் ஏறி, வாழ்த்துச் சொல்வதற்கு முன் மாப்பிள்ளையின் கண்ணாடியை நிமிர்த்திவிட்டு வந்தவன்.

அக்காவின் வில்லை முழுக்க இழுக்க இருபத்திரண்டு பவுண்டு விசை போதும். வில் பழகுகிறவர்கள் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிற அளவு. முன்பு நாற்பது இழுத்துக்கொண்டிருந்தாள். ஏன் மாற்றினாய் என்று கேட்பவர்களிடம் தோள்வலி என்பாள். அதே தோளில்தான் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை அலட்சியமாகத் தூக்கிப் போவாள்.

இவ்வளவு லேசான வில்லுக்கு அம்பு பொறுக்குவது சுலபமில்லை. விறைப்பான அம்பு அந்தச் சின்னத் தள்ளலுக்கு வளைந்து கொடுக்காது. வலது கைக்காரர் எய்தால் இடது பக்கம் ஒதுங்கும். தொளதொளவென்று இருந்தால் வலது பக்கம்.

அதனால் தம்பி அறுபது மரக்குச்சிகளை வரவழைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று அளந்து, பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்திருந்தான். வால் பக்கம் நம்பர் எழுதினான். அக்கா அந்த வரிசையில்தான் எய்வாள். ஆறு முடிந்ததும் தம்பி நடந்துபோய்ப் பிடுங்கி வருவான். பிறகு அடுத்த ஆறு.

நடப்பதற்குக் கொஞ்சம் நேரமாகும். படியில் விழுந்ததிலிருந்து வலது காலை இழுத்துத்தான் நடப்பான். எந்தப் படி என்று யாரும் கேட்டதில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இது நேராப் போகலைன்னா, வில்லை யாருக்காவது தூக்கிக் குடுத்துடுவேன்" என்றாள் அக்கா.

சும்மா சொல்கிற ஆள் இல்லை. ஒரு நாள் கோபத்தில் டிவியைத் தூக்கிக் கொடுத்தாள். அந்த வீட்டில் இன்றுவரை டிவி இல்லை. டிவி போனால் போகட்டும். ஒன்றரை வருஷம் அறைக்குள்ளேயே சுருண்டு கிடந்தவளை வெளியே இழுத்துவந்தது இந்த வில்தான். இதுவும் போனால் மறுபடி அந்த அறைதான் என்று தம்பிக்குத் தெரியும்.

ஏழுக்குக் கனமான முனை போட்டுப் பார்த்தான். முனை கனத்தால் அம்பு கூடுதலாக வளையும்.

இடது.

இறகைப் பிரித்துவிட்டுப் புதிதாக ஒட்டினான்.

இடது.

கடை மேஜைக் கண்ணாடியில் உருட்டிப் பார்த்தான். கண் சோதனைக்கு வந்தவர் எழுத்துப் பலகையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேராத்தான தம்பி இருக்கு?" என்று கேட்டார். அவருக்குப் பார்வையில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை ஒரு திருட்டு வேலை செய்தான். ஏழு என்பதை அழித்து மூன்று என்று எழுதினான். மூன்றை ஏழாக்கினான். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை, மூன்றாவதாகப் பறந்த பழைய ஏழு நட்டநடுவில் குத்தியது. ஆறு முடிந்தது. தம்பி போய்ப் பிடுங்கி வந்தான். அடுத்தது, ஒரு நாளும் தப்புச் செய்யாத பழைய மூன்று.

இடது. ஒரு முழம்.

ஆக, அம்பு உத்தமம். ஒரு மாசமாக நிரபராதியை உருட்டியிருக்கிறான்.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் அப்படி என்னதான் நடக்கிறது?

ஒன்றுமில்லை. அவன் நடந்து போகிறான். இலக்குக்கு வலது பக்கமாக நின்று பிடுங்குகிறான். திரும்பி வருகிறான்.

அன்று அவன் சாப்பிடவில்லை. கடையில் ஒருவருக்கு இன்னொருவரின் கண்ணாடியை மாட்டி அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறாவது அம்பு போனதும், தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நீயே போய் எடுத்துட்டு வாக்கா."

"ஏன், துரைக்கு என்னவாம்?" என்று சிரித்தாள்.

"கால் வலிக்குது."

அக்காவின் சிரிப்பு நின்றது. இரண்டு வருஷத்தில் அவன் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

வில்லைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு நடந்தாள். இலக்கின் வலது பக்கம் போய், தரையைப் பார்த்துக்கொண்டு தேவைக்கு அதிகமாகக் கொஞ்ச நேரம் நின்றாள். பிடுங்கிக்கொண்டு வந்தாள். தம்பி இருந்த இடத்திலேயே, அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தான்.

ஏழை நாணில் ஏற்றினாள். இழுத்தாள். விட்டாள்.

நடுவில்.

அக்கா வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு, திரும்பாமலே, "நான்தான் சொன்னேன்ல, அம்புலதான் கோளாறுன்னு" என்றாள்.

"ஆமாக்கா. இப்ப சரி பண்ணிட்டேன்."

குனிந்து, செருப்பைச் சரிசெய்வதுபோல, கெண்டைக்காலில் நாணயம் அகலத்துக்கு இருந்த தழும்பைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஆறு முடிந்தது என்று அவனாக எண்ணிக்கொண்டு இலக்கைப் பார்த்து நடந்த அந்த நாளில், அக்கா தன் பழைய வில்லில் ஏழாவதாக ஒன்றை ஏற்றியிருந்தாள்.