பெருங்களத்தூர் ஒண்ணு

"பெ... பெ... பெருங்களத்தூர் ஒண்ணு."

தாம்பரத்தில் ஏறிய டெனிஸ், கண்டக்டரின் கண்ணைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான். இருபது வயது, தோளில் காலேஜ் பை. முதல் எழுத்து சரியாக மூன்று தடவை வந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கண்டக்டர் ஆரோன் அதுவரை "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று பஸ் அதிரக் கத்திக்கொண்டிருந்தவர். டிக்கெட்டை நீட்டியவர் என்னவோ சொல்ல வந்து அப்படியே நின்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது.

"இ... இன்னிக்கு... ப்... ப்ப்... பாலத்துக்கு அந்தாண்டதான் ந்... நிக்கும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெனிஸின் முகம் வெளிறியது.

முன்சீட்டிலிருந்து சரோஜினி எழுந்தார். பம்மலில் முப்பது வருடம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தப்பென்று பட்டால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

"ஏம்ப்பா கண்டக்டர், வெக்கமா இல்ல? இவ்ளோ நேரம் கணீர்னு கத்திட்டு வந்த. இந்தப் பையன் வாயைத் திறந்ததும் உனக்கும் திக்குதா?"

"இ... இல்ல... மே..."

"பாருங்க, என்கிட்டயே பண்றாரு!"

கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க நின்றிருந்த நிகில் போனை உயர்த்தினான். "சார், இது ரொம்பத் தப்பு. நான் வீடியோ எடுக்கறேன். முதல்ல பண்ணது சரியா விழல, இன்னொரு தடவை கிண்டல் பண்ணுங்க."

ஆரோன் வேண்டாம் என்று கையை ஆட்டினார். டெனிஸும் பதறிப்போய்க் கையை ஆட்டினான்.

"மே... மே... மேடம், அ... அ... அவர்..."

"எல்லாரும் அமைதி!" என்றார் சரோஜினி. "திக்குறவங்க பேசறப்போ நாம குறுக்க பேசக் கூடாது. வார்த்தையை எடுத்தும் குடுக்கக் கூடாது. அவங்களேதான் முடிக்கணும்." பிறகு டெனிஸ் பக்கம் குனிந்தார். "அவர் கிண்டல் பண்ணதுல உனக்கு மனசு விட்டுப்போச்சு, அதானேப்பா?"

"அ... அ... அதில்ல..."

"அதுக்கும் மேல ஏதாவது சொன்னாரா? பயப்படாம சொல்லு!"

இரும்புலியூரில் பஸ் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. கண்டக்டர் மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்று முடிவாயிற்று.

ஆரோன் டிக்கெட் மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முயன்றார். "ம்..." என்று தொடங்கிய உதடு ஒட்டிக்கொண்டது. அரை நிமிடம் ஆகியும் திறக்கவில்லை.

"மன்னிப்புலகூட நக்கலு!" என்றது கூட்டம்.

வார்த்தை வராத ஆரோன் வேறு வழியில்லாமல் விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினார்.

"விசில்லயும் நக்கலு!"

நிகில் மளமளவென்று டைப் செய்து, போனை டெனிஸிடம் நீட்டினான். "புகார் ரெடி ப்ரோ. பஸ் நம்பர், நேரம், வீடியோ எல்லாம் போட்டாச்சு. சென்ட் மட்டும் நீங்க அழுத்துங்க. வேலையே போயிடும்."

ஆரோன் அந்தப் போனையே பார்த்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. டெனிஸ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

விசில் சத்தம் கேட்டு இன்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் எழுந்து வந்தார். "இன்னா பேஜாரு இங்க?"

ஒரே நேரத்தில் பத்துப் பேர் சொன்னார்கள். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், அந்தாளு சின்ன வயசுலேர்ந்தே அப்டித்தான். பதினாறு வருசமா என்கூட ஓடிகினு கீறாரு. டெய்லி சொல்ற வார்த்தன்னா தானா வந்துரும். புதுசா எதுனா சொல்லணும்னா மாட்டிக்கும். இன்னிக்கு ஸ்டாப்ப மாத்திட்டாங்கோ, பாவம், அத்தச் சொல்லப் போயிதான் மாட்டிக்கிச்சி."

நிகில் போனைப் பாக்கெட்டில் போட்டான். சரோஜினி ஆரோனின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சிடுங்க தம்பி. வாயைத் திறந்தா மூடத் தெரியாத ஜென்மம் நான்."

ஆரோன் பரவாயில்லை என்று தலையசைத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு டெனிஸிடம் வந்து, அவன் தோளில் கை போட்டார். இந்த முறை யாரும் குறுக்கே பேசவில்லை. ஒரு நிமிடம் ஆனாலும் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நீ... நீயும் ந்... நம்மாளு. ப்... ப்ப்... பயப்படாத தம்பி. ம்... மெதுவா பேசு. கே... கேக்கறவன் கேப்பான்."

நாலைந்து பேர் கை தட்டினார்கள். டிரைவர் மூக்கை உறிஞ்சினார். சரோஜினி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டெனிஸின் கன்னத்தைத் தொட்டுக் கேட்டார்.

"உனக்கு எப்போலேர்ந்துப்பா இப்படி?"

டெனிஸ் நிமிரவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"காலைல ஒம்போது மணிலேர்ந்து மேடம். ஸ்பீச் தெரபி படிக்கிறேன், ஒரு நாள் முழுக்கத் திக்கிப் பாத்துட்டு வான்னு காலேஜ்ல அனுப்பிச்சாங்க."